ரிவெட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த எண்ணெய்

டெக்சாஸில் வளைகுடாக் கடலோரமாகக் குடியிருக்கிறோம். செப்டம்பர் பிறந்தால் இங்கே கிளுவை வாத்து வேட்டைப் பருவம். இரண்டு வருடம் உப்புச் சதுப்பில் என்னோடு அலைந்த ரெமிங்டன் 870 பம்ப் ஷாட்கன் துப்பாக்கியின் குழலில் மூக்குப்பொடி நிறத்தில் துரு பூத்துவிட்டது. எண்ணெய் போட்டுத் தேய்த்தால் போகும், அடுத்த வேட்டை முடிந்ததும் திரும்ப வரும். அதனால் இந்தக் கோடையில் நானே செராகோட் அடிப்பது என்று இறங்கினேன். இங்கே அடுத்தவர் துப்பாக்கியைத் தொழிலாகச் செய்து தர மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். சொந்தத் துப்பாக்கிக்குத் தேவையில்லை.

செராகோட் ஒரிகான் மாநிலத்தில் தயாராகும் பீங்கான் கலந்த பூச்சு. நான் வாங்கியது அடுப்பில் சுட்டு இறுக்கும் ஹெச் வரிசை. சுட்டபின் அதன் கனம் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான், சுமார் 25 மைக்ரான். அவ்வளவு மெல்லிய பூச்சு எந்தக் குறையையும் மூடி மறைக்காது. சுத்தமான, சொரசொரப்பான உலோகம் கிடைத்தால் விடாமல் பிடித்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் உரிந்து வரும்.

என் முதல் முயற்சி அப்படித்தான் உரிந்தது. குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு முழுக்கக் கழற்றினேன். குழலையும், இயங்கு பாகங்களைத் தாங்கும் உலோகக் கூடான ரிசீவரையும் ஒரு மணி நேரம் அசிட்டோனில் ஊறப்போட்டு, சொரசொரப்பாக்க மணல் வீச்சு (காற்றழுத்தத்தில் தூளைப் பீய்ச்சுவது) கொடுத்து, பூச்சு அடித்து, அடுப்பில் வைத்தேன். வெளியே எடுத்தபோது குழல் கண்ணுக்கு அழகாக இருந்தது. ரிசீவரின் இடப்பக்கத்தில் மட்டும் ரிவெட்டை, அதாவது தறையாணியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு ஈரம். பூச்சு அங்கே விலகிச் சின்ன வட்டங்களாக நின்றது. நகத்தால் கீறினேன், தோலாக வந்துவிட்டது. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

காரணம் மறுநாள்தான் புரிந்தது. இந்த மாடலில் சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரை ரிசீவரோடு ரிவெட் அடித்திருப்பார்கள். தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் லாட்ச்களையும் உள்சுவரில் அடித்துப் பொருத்தியிருப்பார்கள். அவற்றின் அடியில் வருடக்கணக்கான எண்ணெய் கசிந்து உட்கார்ந்திருக்கிறது. அசிட்டோன் மேலே இருப்பதைக் கரைக்கும். அந்த இடுக்குக்குள் போய் மொத்தத்தையும் வெளியே கொண்டுவராது. சூடு பட்டால்தான் எண்ணெய் இளகி ஊர்ந்து வரும். பூசுவதற்கு முன்பே வெறும் உலோகத்தைச் சூடாக்கி அதைக் கசியவிட வேண்டும். நேரமில்லை என்று நான் விட்டது அந்த ஒரு வேலையைத்தான்.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. அசிட்டோன் வேலையை கராஜுக்கு வெளியே வைத்துக்கொண்டேன், ஏனென்றால் எங்கள் கராஜில் கேஸ் வாட்டர் ஹீட்டர் எரிகிறது. அந்த ஆவிக்கு ஒரு சிறு சுடர் போதும். ரிசீவரை இரவு முழுக்க மூடிய தகரத் தட்டில் ஊறவிட்டேன். அப்புறம் 300 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 150 செல்சியஸுக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு மணி நேரம் அடுப்பு. சமைக்கிற அடுப்பை இதற்குத் தொடாதீர்கள். இதற்கென்றே தனி அடுப்பு வேண்டும். கதவைத் திறந்தால் அதே ரிவெட்டில் அதே பழுப்புக் கோடு! துடைத்து, ஊறவைத்து, மீண்டும் சூடாக்கினேன். நான்காம் சுற்றில்தான் வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பியது.

அதன் பிறகுதான் மணல் வீச்சு. பேச்சுக்கு மணல் என்கிறோம், உண்மையில் 120 கிரிட் அலுமினியம் ஆக்சைடு. பொடிக் கண்ணாடி உருண்டைகளைப் போடக்கூடாது; அது உலோகத்தைத் தட்டி வழவழப்பாக்குமே தவிர, பூச்சு கடித்துக்கொள்ளப் பள்ளம் தராது. எண்ணெய்ப் பிசுக்கோடு ஏற்கெனவே ஓடிய பழைய தூளும் வேண்டாம். என் முதல் முயற்சியின் தூளை முழுக்கக் கொட்டிவிட்டேன். குழலின் இரண்டு முனைக்கும் சிலிக்கான் அடைப்பு. சோக் (குழல் முனையில் திருகும் குறுக்கி) மாட்டும் மரை, தோட்டா வைக்கும் மேகசினின் மூடி மரை, தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட் ஓடுகிற உள்தடம் எல்லாவற்றுக்கும் சூடு தாங்கும் டேப். 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நாசிலை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே போனால் எஃகு ஒரே சீரான சாம்பல் நிறத்துக்கு வரும். எங்காவது பளபளப்பு தெரிந்தால் அங்கே வேலை பாக்கி. சீரியல் எண் மேல் மட்டும் கை லேசாகப் போக வேண்டும். அதை அழிப்பது இங்கே மத்தியச் சட்டப்படி குற்றம். தூசு மூக்கில் ஏறாதபடி முகமூடி கட்டாயம்.

இந்த நிலையில் இரும்பு பச்சைக் குழந்தை மாதிரி. விரல் பட்டால் ரேகை பதியும். எங்கள் ஊர் ஈரக்காற்றில் சில மணி நேரத்தில் துருவே பிடித்துவிடும். புது நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு கம்பிக் கொக்கியில் மாட்டி, ஈரம் வடிகட்டிய காற்றால் ஊதி, மறுபடி ஒருமுறை அடுப்பில் காட்டினேன். கசிவு இல்லை.

பூச்சு அடிப்பது அரை மணி நேர வேலை. 18 பங்கு பூச்சுக்கு 1 பங்கு கேட்டலிஸ்ட் (இறுக வைக்கும் திரவம்) கலந்து, வடிகட்டி அடித்து, அடுப்பில் 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இரண்டு மணி நேரம். அவ்வளவுதான்.

ஆறியதும் ரிவெட்டைச் சுற்றி நகத்தை அழுத்தி இழுத்தேன். அசையவில்லை. ரிசீவரின் உட்புறத்தில் பூசாத எஃகு எண்ணெய்ப் பசையே இல்லாமல் வறண்டு கிடந்தது. அப்படியே பூட்டிவிட்டால் முதல் துரு அங்கேதான் பிடிக்கும். லாட்ச்களுக்கும் எஜெக்டர் ஸ்பிரிங்குக்கும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டு, பரவும்வரை காத்திருந்து, பிறகு பூட்டினேன்.