அம்மாவின் டிக்கெட் கணக்கு

அம்மா முதல்முறையாக சிங்கப்பூர் வருகிறார். டிக்கெட்டில் இருந்த நேரங்களைக் கழித்துப் பார்த்துவிட்டு போனில் ஒரே சண்டை. "வர்றதுக்கு ஆறே முக்கால் மணி நேரம், திரும்ப ஒண்ணே முக்கால்தானா? எதுடா பொய்?"

இரண்டுமே பொய்தான். சென்னையிலிருந்து இங்கே சுமார் 2,900 கி.மீ. போக நாலேகால், வர நாலேகால், அவ்வளவுதான். சிங்கப்பூர் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதால் வந்த குழப்பம்.

முன்பு இரண்டு மணி நேர வித்தியாசம்தான். 1982 பிறந்தபோது மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ள, சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. இங்கே ஏழு மணி வாக்கில்தான் விடிவதற்கும் (என் சோம்பலுக்கும்) அதுவே காரணம்.

எல்லாம் விளக்கினேன்.

"சரி, இட்லியை எந்த ஊர் நேரத்துக்குக் கட்டட்டும்?"