முதலில் செயலிகளின் இடவமைப்பைப் படியுங்கள்: கேவிஎம் செய்முறைத் தேர்வு அனுபவம்

லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம் வழியே ஒரே சர்வரில் ஓடும் மெய்நிகர் கணினிகள் குறித்த செய்முறைத் தேர்வுக்கு, சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையில், கைமாறி வந்த பழைய சர்வர் ஒன்றை வைத்துக்கொண்டு பயிற்சி செய்தேன். செயலிச் சில்லு பொருந்தும் சாக்கெட் இரண்டு, ஒவ்வொன்றிலும் 8 கோர் (கணிக்கும் அலகு), கோருக்கு இரண்டு த்ரெட் (ஒரே கோரில் இணையாக ஓடும் வேலைப் பாதை), ஆக மொத்தம் 32 த்ரெட். சித்திரை வெயிலில் அதன் விசிறி போட்ட இரைச்சலுக்கு ஏற்காட்டுக்கே தூக்கிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அதன் எடையையும் எண்ணிக் கைவிட்டேன்.

மாதிரித் தேர்வில் நான் சறுக்கிய இடம் இதுதான். ஒருவரையொருவர் நம்பாத இரு வாடிக்கையாளர்களின் மெய்நிகர் கணினிகளைத் தனித்தனிக் கோர்களில் மட்டும் ஓடும்படி பொருத்தச் சொல்லியிருந்தார்கள். ஒன்றுக்கு 0 முதல் 3 வரையுள்ள த்ரெட் எண்களையும், மற்றொன்றுக்கு 16 முதல் 19 வரையுள்ளவற்றையும் கொடுத்துவிட்டு, எண்கள் தொலைவில் இருப்பதால் பிரித்துவிட்டதாக நம்பினேன். ஆனால் அந்தச் சர்வரில் 0-உம் 16-உம் ஒரே கோரின் இரு த்ரெட்டுகள். ஆக, அதே நான்கு கோர்களை இருவருக்குமே கொடுத்திருந்தேன். ஒரே கோரின் த்ரெட்டுகள் எல்1 கேஷை (கோருக்குள்ளேயே இருக்கும் சிறு வேக நினைவகம்) பகிர்வதால், ஒரு கணினியின் தரவை மற்றொன்று கசியவைத்துப் படிக்க வழியுண்டு என்பதை 2018-இல் வெளியான எல்1டிஎஃப் என்ற செயலிக் குறைபாடு காட்டியது. எண் வரிசை சர்வருக்குச் சர்வர் மாறும் என்பதால், செயலி விவரங்களைக் காட்டும் 'எல்எஸ்சிபியு' (lscpu) கட்டளையில் கோர், சாக்கெட், நூமா கணு (சில கோர்களும் அவற்றுக்கு அருகிலுள்ள நினைவகமும் சேர்ந்த தொகுதி) ஆகியவற்றைப் பார்த்துத் தாளில் வரைந்துகொண்ட பிறகே பொருத்துங்கள்; முழுக் கோரையும் ஒருவருக்கே கொடுங்கள்.

நினைவகத்தைச் செயலி இருக்கும் கணுவிலேயே 'ஸ்ட்ரிக்ட்' முறையில், அதாவது வேறு கணுவிலிருந்து எடுக்காதபடி, கட்டுவது வேகத்துக்காக. பாதுகாப்புக்குக் கவனிக்க வேண்டியது கேஎஸ்எம் என்ற லினக்ஸ் வசதி. ஒரே மாதிரியான நினைவகப் பக்கங்களை அது ஒன்றாக்கிவிடும். அப்பக்கத்தில் எழுதும்போது ஏற்படும் தாமதத்தை அளந்தே, அதே சர்வரின் மற்றொரு மெய்நிகர் கணினியில் அதே பக்கம் உண்டா என்று ஊகிக்கலாம். ஆகவே மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருளின் அமைப்பில் பக்கப் பகிர்வைத் தடுத்துவிடுங்கள்.

பலரும் மறப்பது எமுலேட்டர் த்ரெட்டுகளை; இவை கோரின் த்ரெட்டுகள் அல்ல, மெய்நிகர் கணினிக்குச் சாதனங்களைப் போலச் செய்து காட்டும் மென்பொருள் வேலைகள். அவற்றையும் தனியே பொருத்தாவிட்டால் அடுத்தவரின் கோரில் போய் ஓடக்கூடும். ஓடும் மெய்நிகர் கணினியில் மட்டும் செய்த மாற்றம் அதை அணைத்து இயக்கினால் போய்விடும் என்பதால், நிலையான அமைப்பிலும் எழுதி, ஒருமுறை முழுவதும் அணைத்து ஏற்றிச் சரிபார்த்த பிறகே அடுத்த கேள்விக்குச் செல்லுங்கள்.