ஒரு நாட்டின் மனித உரிமையை இன்னொரு நாடு கேட்பது: மெயின்ஸுக்கு இந்தப் பகுதியை நான் படித்த விதம்

ஐ.ஏ.எஸ். உள்ளிட்ட குடிமைப் பணிகளுக்கான முதன்மைத் தேர்வில் (மெயின்ஸ்) அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும்தான் என் விருப்பப் பாடம். அந்த இரண்டு தாள்களையும் பொது அறிவுத் தாள்களையும் தமிழிலேயே எழுதினேன். விருப்பப் பாடத்தின் இரண்டாம் தாளில் சமகால உலகப் பிரச்சினைகள் என்று ஒரு வரி உண்டு. ஜனநாயகம், மனித உரிமை, சுற்றுச்சூழல், பாலின நீதி, பயங்கரவாதம், அணு ஆயுதப் பரவல் எல்லாவற்றையும் அந்த ஒற்றை வரியில் அடைத்து வைத்திருப்பார்கள். இதில் மனித உரிமையைப் பெரும்பாலானோர் அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். 1948 பிரகடனம், 1966இன் இரண்டு உடன்படிக்கைகள், ஐ.நா. அமைப்புகளின் பெயர்கள், அவ்வளவுதான். ஆனால் யோசிக்க வைக்கும் கேள்விகள் வேறு பக்கத்திலிருந்து வரும். ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் ‘உன் ஊரில் நடப்பது சரியில்லை’ என்று எப்படிச் சொல்கிறது? சொன்ன பிறகு என்ன நடக்கிறது? இந்தியா ஏன் சில நேரம் பேசுகிறது, சில நேரம் வாயே திறப்பதில்லை?

இதற்கு வழக்கமாக எழுதப்படும் விடை உங்களுக்கும் தெரிந்திருக்கும். முதல் பத்தியில் இறையாண்மை, இரண்டாவதில் மனித உரிமை, மூன்றாவதில் ‘சமநிலை தேவை’. டெஸ்ட் சீரிஸில் நண்பர்களின் தாள்களை மாற்றி மாற்றித் திருத்தியபோது, பத்தில் ஏழெட்டு இப்படித்தான் இருக்கும். தவறாக ஒன்றும் இருக்காது, ஆனால் யார் எழுதியது என்றே அடையாளம் தெரியாது. நான் ஒவ்வொரு சம்பவத்தையும் மூன்று கேள்விகளோடு படித்தேன். எங்கே வைத்துச் சொன்னார்கள், யார் யாரிடம் சொன்னார்கள், சொன்னதற்கு என்ன விலை கொடுத்தார்கள். இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் சமநிலை என்ற சொல் தேவையே படாது.

தொடக்கத்தை 1946இல் வையுங்கள். இந்தியா என்றாலே ‘பிற நாட்டு உள்விவகாரத்தில் தலையிடாமை’ என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது நல்ல அதிர்ச்சி. அந்த ஆண்டு தென்னாப்பிரிக்கா, இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் பாதிக்கப்பட்ட சமூகத்தில் தமிழர்கள் ஏராளம். 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு மெட்ராஸிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்கள். இந்தியா அங்கிருந்த தன் ஹை கமிஷனரைத் திரும்ப அழைத்தது, வர்த்தகத்தை நிறுத்தியது, விவகாரத்தை ஐ.நா. பொதுச் சபையின் முதல் கூட்டத்தொடருக்கே கொண்டுபோனது. அப்போது நமக்குச் சுதந்திரமே வரவில்லை. ஆனாலும் ஐ.நா.வின் தொடக்க உறுப்பினர் என்ற தகுதி இருந்தது. தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ் சொன்ன பதில் என்ன தெரியுமா? ஐ.நா. சாசனத்தின் பிரிவு 2(7)இன்படி இது எங்கள் உள்நாட்டு விவகாரம், ஐ.நா. தலையிட முடியாது என்பதுதான். விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் போன நம் குழு அதை எதிர்த்து வாதாடி, 1946 டிசம்பர் 8இல் 32க்கு 15 என்ற வாக்குகளில் தீர்மானத்தை நிறைவேற்றியது. 7 நாடுகள் எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் ஒதுங்கின. இன்று பல நாடுகள் ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சிலில் எடுத்து வீசும் அதே 2(7) வாதத்தை, ஐ.நா. அரங்கில் முதலில் உடைத்த நாடுகளில் ஒன்று இந்தியா. இதை விடையின் முதல் இரண்டு வரியில் வைத்துவிட்டால் மீதி எழுதுவது சுலபம்.

அப்புறம் வழிமுறைகள். புத்தகங்கள் இவற்றை வரிசையாக அடுக்கும். நான் சத்தத்தை வைத்துப் பிரித்துக்கொண்டேன். சத்தமே இல்லாதது டெமார்ஷ். தூதரோ தூதரக அதிகாரியோ அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்கு நேரில் போய், தன் அரசின் கவலையை வாயால் சொல்லிவிட்டு, பெரும்பாலும் ஒரு தாளையும் கொடுத்துவிட்டு வருவார். செய்தித்தாளில் வராது. ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு எழுத்து வடிவில் வழிகாட்டு நெறிகளே வைத்திருக்கிறது: மரண தண்டனை பற்றி 1998இல், சித்திரவதை பற்றி 2001இல், மனித உரிமைச் செயற்பாட்டாளர்கள் பற்றி 2004இல். வழக்கு விசாரணைக்குப் பார்வையாளராகப் போவது, சிறையில் இருப்பவரைப் பார்க்க அனுமதி கேட்பது, செயற்பாட்டாளர்களைச் சந்திப்பது என்று தூதரக வேலையாகவே அதில் எழுதியிருக்கிறது. இதற்கு அடுத்தது ஆண்டுதோறும் நடக்கும் மனித உரிமைப் பேச்சுவார்த்தை. சீனாவோடு ஐரோப்பிய ஒன்றியம் 1995இலேயே அதைத் தொடங்கிவிட்டது. இதைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: அமைதியான ராஜதந்திரம் இரண்டு அரசுகளுக்குமே வசதி. ஒருவர் ‘நாங்கள் கேட்டோம்’ என்பார், மற்றவர் ‘நாங்கள் காது கொடுத்தோம்’ என்பார். தனக்காக யாராவது பேசினார்களா என்பது சிறையில் இருப்பவருக்கு மட்டும் தெரியாமல் போகலாம். ஆனால் கதவு மூடிய அறையில் சில பேருக்கு விடுதலையும் கிடைத்திருக்கிறது. அதனால் இதை ஒரேயடியாகக் கேலி செய்து எழுதவும் கூடாது.

சத்தம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும், 2018 ஆகஸ்ட். சவூதி அரேபியாவில் சமர் பதாவி உள்ளிட்ட பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்கள் கைதானதைக் கண்டித்து, அவர்களை உடனே விடுவிக்க வேண்டும் என்று கனடா வெளியுறவு அமைச்சகம் ட்விட்டரில் எழுதியது. ரியாத்திலிருந்த கனடா தூதரகம் அதையே அரபியிலும் போட்டது. சவூதி மக்கள் நேரடியாகப் படிக்கும் மொழியில் வந்ததுதான் பெரிய கோபத்தைக் கிளப்பியது என்று பலர் சொல்கிறார்கள். சவூதியின் பதிலடி: கனடா தூதர் வெளியேற 24 மணி நேரக் கெடு, தன் தூதரைத் திரும்ப அழைத்தல், புதிய வர்த்தகத்துக்குத் தடை, டொராண்டோ விமானங்கள் நிறுத்தம், கனடாவில் படித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான சவூதி மாணவர்கள் வேறு நாட்டுக்குப் போக வேண்டும் என்ற உத்தரவு. உறவு பழைய நிலைக்குத் திரும்ப 2023 மே வரை ஆனது. அந்த நேரத்தில் மேற்கு நாடுகள் எத்தனை கனடாவுக்குப் பின்னால் வந்து நின்றன என்று தேடிப் பாருங்கள், ஏறக்குறைய யாருமே இல்லை. தனியாகச் சொல்வதற்கும் கூட்டாகச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். தன் குடிமகனுக்காக ஒரு நாடு பேசுவது வேறு, பிற நாட்டுக் குடிமகனுக்காகப் பேசுவது வேறு. பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கை இந்தத் தலைப்பின் கீழ் எழுதிய தாள்களைப் பார்த்திருக்கிறேன். அது 1963இன் வியன்னா உடன்படிக்கை, பிரிவு 36, தூதரக அணுகல், அதாவது வெளிநாட்டில் கைதான குடிமகனை அவர் நாட்டுத் தூதரகம் சந்திக்கும் உரிமை பற்றியது. அங்கே நமக்குச் சட்டப்படியே உரிமை உண்டு, அதனால்தான் 2019இல் சர்வதேச நீதிமன்றத்தில் பாகிஸ்தான் அந்தப் பிரிவை மீறியது என்று தீர்ப்பு வாங்க முடிந்தது. பிற நாட்டுக் குடிமக்களுக்காகப் பேசும்போது அப்படி ஒரு பிடி கிடையாது. உடன்படிக்கைகளையும், மனித உரிமை சர்வதேசச் சமூகத்தின் நியாயமான கவலை என்று 1993 வியன்னா மாநாடு சொன்னதையும் வைத்துத்தான் வாதாட வேண்டும்.

வர்த்தகத்தைக் கொண்டு கேட்பதற்கு, ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்குத் தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையைப் படியுங்கள். 27 சர்வதேச உடன்படிக்கைகளைச் செயல்படுத்தினால் ஐரோப்பியச் சந்தையில் வரிச்சலுகை. சித்திரவதைத் தடை, குடிமை அரசியல் உரிமைகள், குழந்தை உரிமை ஆகிய உடன்படிக்கைகளில் குறை கண்டு 2010 ஆகஸ்டில் நிறுத்தினார்கள், 2017 மே மாதம் திரும்பக் கொடுத்தார்கள். அடி விழுந்தது ஆடைத் தொழிலுக்கு. அங்கே வேலை செய்வது பெரும்பாலும் பெண்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்தால் விடைக்கு எடை கூடும்.

ஜெனீவாவுக்கு வருவோம். 2006இல் உருவான மனித உரிமைகள் கவுன்சிலில் 47 உறுப்பினர்கள். உலகளாவிய கால ஆய்வு என்ற ஏற்பாட்டில் எல்லா நாடுகளும் ஏறக்குறைய நாலரை ஆண்டுக்கு ஒருமுறை மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து மற்ற நாடுகளின் பரிந்துரைகளைக் கேட்க வேண்டும். 2020 வரை அமெரிக்காவும் உட்கார்ந்தது, சீனாவும் உட்கார்ந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் பேசக் கிடைப்பது ஓரிரு நிமிடம். பதில் இரண்டே வகை: ஏற்கிறோம், குறித்துக்கொண்டோம். நாகரிகமாக மறுப்பதற்கான வழி இரண்டாவது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, இன்னும் உறுதிப்படுத்தவில்லை, அதனால் நம் முறை வரும்போதெல்லாம் அந்தப் பரிந்துரையும் வருகிறது.

நான் அதிக நேரம் செலவிட்டது, இலங்கை உள்நாட்டுப் போரின் மனித உரிமை மீறல்கள் பற்றிக் கவுன்சிலில் வந்த தீர்மானங்களில் இந்தியா போட்ட வாக்குகளில். தமிழ்நாட்டுத் தேர்வர் என்பதால் மட்டும் அல்ல, இதில் ஒரே நாடு ஒரே விஷயத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொண்டது தெளிவாகத் தெரியும். 2009 மே சிறப்புக் கூட்டத்தில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2012இல் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தது, ஆனால் ஐ.நா. தரும் ஆலோசனை இலங்கை அரசின் இசைவோடுதான் இருக்க வேண்டும் என்று ஒரு திருத்தத்தையும் போட வைத்தது. 2013இலும் ஆதரவு. வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்புதான், தீர்மானம் போதுமான கடுமையுடன் இல்லை என்று தி.மு.க. மத்திய கூட்டணியிலிருந்து வெளியேறியது, தமிழ்நாட்டில் மாணவர் போராட்டமும் நடந்துகொண்டிருந்தது. 2014 மார்ச்சில் ஒதுங்கியது. 2021, 2022இலும் ஒதுங்கியது.

பயிற்சிக் குறிப்புகள் இதைக் கூட்டணி நெருக்கடி என்ற ஒரே காரணத்தில் முடித்துவிடும். அது அரைகுறை. 2014 வாக்கெடுப்பு நடந்தபோது மக்களவைத் தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட இல்லை, தமிழ்நாட்டில் அழுத்தம் குறையவும் இல்லை. மாறியது தீர்மானத்தின் வாசகம். 2012இலும் 2013இலும் இலங்கையே விசாரிக்கட்டும் என்றிருந்தது. 2014இல் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகமே விசாரிக்கும் என்று ஆனது. வெளியிலிருந்து வரும் விசாரணை என்றதும் டெல்லிக்குத் தன் வீட்டுக் கதவும் நினைவுக்கு வரும் என்பது என் கணிப்பு. காஷ்மீர் என்று வாக்குக்கான விளக்கவுரையில் யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் தேர்வுத் தாளில் நீங்கள் எழுதலாம்.

இன்னொரு தேதியும் முக்கியம். 2022 அக்டோபர் 6. அன்று சீனாவின் ஷின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்களின் நிலை பற்றி விவாதம் நடத்தலாமா என்ற வாக்கெடுப்பு 17க்கு 19 என்று தோற்றது, 11 நாடுகள் ஒதுங்கின, அதில் இந்தியாவும் ஒன்று. இலங்கைத் தீர்மானம் 20க்கு 7 என்று நிறைவேறியதும் அதே நாள்தான். அங்கும் இந்தியா ஒதுங்கியது. எல்லையில் ராணுவத்தை எதிரே நிறுத்தியிருக்கும் சீனாவுக்கும், கடன் நெருக்கடியில் நாம் உதவிய இலங்கைக்கும் ஒரே வாக்கு. ஒரு நாட்டைக் குறிவைத்த தீர்மானங்களால் பயனில்லை, பேச்சே நல்லது என்பதுதான் டெல்லியின் விளக்கம். அந்தக் கொள்கை உண்மை என்றால் 2012, 2013 எங்கே போகும் என்று கேட்டு எழுதுங்கள். அப்படிக் கேட்கும் தாள் தனியாகத் தெரியும்.

கேட்கப்படும் இடத்தில் இந்தியா இருக்கும்போது என்ன செய்கிறது என்பதும் வேண்டும். 2020 டிசம்பரில் விவசாயிகள் போராட்டம் பற்றி அப்போதைய கனடா பிரதமர் ட்ரூடோ பேசியதும் கனடா ஹை கமிஷனரை டெல்லி அழைத்து ஆட்சேபம் தெரிவித்தது. 2024 மார்ச்சில் அப்போதைய டெல்லி முதல்வர் கெஜ்ரிவால் கைதைப் பற்றிக் கருத்துச் சொன்ன ஜெர்மனி, அமெரிக்கா இரண்டின் தூதரக அதிகாரிகளையும் அழைத்தது. இதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

எழுதும்போது: 10 மதிப்பெண்ணுக்கு 150 சொற்கள்தான். ஒரு சம்பவத்தை முழுதாகச் சொன்னால் இடம் தீர்ந்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் ஒரே வாக்கியத்தில் சுருக்கும் பயிற்சி செய்தேன். ‘2018இல் பகிரங்கமாகக் கேட்ட கனடா, உறவை ஐந்து ஆண்டு இழந்தது’, இவ்வளவு போதும். 15 மதிப்பெண் கேள்வியில் 1946, 2014, 2022 மூன்றையும் வைத்தால் வரலாறு, முரண், கணக்கு எல்லாம் வந்துவிடும். தாளில் ‘இரட்டை வேடம்’ போன்ற சொற்களைத் தவிர்த்தேன். முரணைக் காட்டினால் போதும், பட்டம் கொடுக்கிற வேலை நமக்கு வேண்டாம்.

நேர்முகத் தேர்வில் ஊரைப் பார்த்ததும் எதிர்பார்த்த கேள்வி வந்தது: இலங்கைத் தீர்மானத்தில் இந்தியா ஒதுங்கியது சரியா? 2021இல் இந்தியா கொடுத்த விளக்கத்தைச் சொன்னேன். இலங்கையின் ஒற்றுமை ஒரு பக்கம், தமிழர்களின் சமத்துவம், நீதி, கண்ணியம், அமைதி மறு பக்கம் என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்ற விளக்கம் அது. பிறகு, மாகாணங்களுக்கு அதிகாரம் தரும் இலங்கை அரசியலமைப்பின் 13வது திருத்தம் முழுதாக நடைமுறைக்கு வராதவரை அந்த விளக்கம் தமிழர்களுக்குப் போதாது என்றும் சொன்னேன். ‘அப்படியென்றால் எதிர்த்து வாக்களித்திருக்க வேண்டுமா?’ என்று மடக்கினார் ஒருவர். எதிர்த்து என்றால் இலங்கை அரசுக்கு ஆதரவு என்று பொருள் சார், ஒதுங்கியதால் கொழும்பும் முழுதாக மகிழவில்லை என்றேன். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

கவுன்சில் வழக்கமாக ஆண்டுக்கு மூன்று முறை கூடும்: பிப்ரவரி கடைசியில் தொடங்கி, ஜூனில் தொடங்கி, செப்டம்பரில் தொடங்கி. மெயின்ஸுக்கு முதல் இரண்டின் வாக்குப் பட்டியலைப் பார்த்தால் போதும், மூன்றாவது நேர்முகத் தேர்வுக்கு. தீர்மானத்தின் முழு உரையைப் படிக்க நேரமில்லை என்றால், வாக்களிக்கும் முன் இந்தியா கொடுக்கும் ஒரு பக்க விளக்கத்தையாவது படித்துவிடுங்கள். 2026 முதல் 2028 வரை இந்தியா மறுபடி கவுன்சில் உறுப்பினர் என்பதால், படிக்க வேண்டிய விளக்கங்கள் இனி வரிசையாக வரும்.