குச்சிக் கணக்கு

ஜனவரி 14, 2024, ஞாயிறு

நாளை பொங்கல். லீவு கிடைக்கவில்லை. ரூமில் உட்கார்ந்து புலம்புவதற்குப் பதில் அக்மோல் கிராமம் வரை போய் வந்தேன், அஸ்தானாவிலிருந்து காரில் முக்கால் மணி நேரம், வெளியே மைனஸ் 24. கட்டட வேலைக்காக இந்த ஊருக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம், ஆனாலும் மூக்குக்குள் முடி உறைவது இன்னும் பழகவில்லை.

ஸ்டாலின் காலத்து சோவியத் கைதிகள் முகாம்களில் ஒன்றான அல்ஜீர் இருந்த இடம் இது. ‘தாய்நாட்டுத் துரோகிகளின் மனைவியருக்கான அக்மோலின்ஸ்க் முகாம்’ என்பதன் ரஷ்யச் சுருக்கம் அது. 1937 ஆகஸ்டில் வந்த 00486 என்ற உத்தரவுப்படி, துரோகி என்று புருஷன் கைதானால் பெண்டாட்டிக்கு 5 முதல் 8 வருஷம், பிள்ளைகள் அரசு விடுதிக்கு. கல்யாணம் செய்துகொண்டதைத் தவிர வேறு குற்றம் கிடையாது. வந்து சேர்ந்தவர்களில் டாக்டர், பாடகி, நடிகை எல்லாம் இருந்திருக்கிறார்கள். பட்டாளத்துக்கு யூனிஃபார்ம் தைப்பது ஒரு வேலை, குளிர் காய ஏரியில் கோரை அறுப்பது இன்னொரு வேலை.

அந்த ஏரிக்கரையில் நடந்ததாக ஒரு கைதி பின்னாளில் சொன்ன கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். பக்கத்து கஸாக் கிராமத்துக் கிழவர்களும் பிள்ளைகளும் பெண்கள் மேல் வெள்ளைக் கற்களை வீசினார்களாம். பார்த்தீர்களா, ஊர்க்காரனுக்கே உங்களைப் பிடிக்கவில்லை என்று காவலர்கள் சிரித்தார்களாம். தடுக்கி விழுந்த ஒருத்திக்குத்தான் அந்தக் கல்லில் பால் வாசம் அடித்திருக்கிறது. அது குர்த், உப்புப் போட்டு உருட்டிக் காயவைத்த தயிர்.

வரும் வழியில் நூறு கிராம் வாங்கினேன். கடித்தால் பல் போய்விடும், கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிஷம் கழித்து மோர்மிளகாயின் உப்பும் புளிப்பும் மெதுவாக வருகிறது. மிளகாய் மட்டும் இல்லை.

ஜனவரி 17, புதன்

என் வேலை பில்லிங். யார் எத்தனை கனமீட்டர் தோண்டினார்கள், எவ்வளவு கான்கிரீட் போட்டார்கள் என்று அளந்து எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், ஏற்றுவது. அதனாலோ என்னவோ, முகாம்களைப் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு நார்ம் விஷயத்தில்தான் கண் நிற்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு மண், இவ்வளவு மரம் என்று ஓர் அளவு. அதை முடித்தால் ஒரு ரொட்டிப் பங்கு, தாண்டினால் கொஞ்சம் கூட, முடிக்காவிட்டால் குறைவு, தண்டனைப் பங்கு என்றால் பல இடங்களில் 300 கிராம். இதில் உள்ள கொடுமையைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்: இன்றைக்குச் சாப்பாடு குறைந்தவன் நாளைக்கு இன்னும் குறைவாகத்தான் தோண்டுவான், நாளை மறுநாள் இன்னும் குறைவு. அப்படித் தேய்ந்து போனவனுக்கு முகாம் பேச்சில் ‘தொஹொத்யாகா’ என்று பெயர், முடியப் போகிறவன் என்று வைத்துக்கொள்ளலாம்.

காலையில் ரொட்டியை எடை போட்டு, குறையும் கிராமுக்கு ஒரு சின்னத் துண்டு வெட்டி, அதை மரச்சிம்பால் பெரிய துண்டின் மேல் குத்திக் கொடுப்பார்களாம். அந்தச் சிம்பு உள்ள பங்கு தனக்கு வருமா என்று பார்த்துக்கொண்டே வரிசையில் நிற்பது.

அப்புறம் ‘துஃப்தா’. செய்யாத வேலையைச் செய்ததாக எழுதுவது. போன வருஷம் அறுத்த மரத்தின் நுனியைப் புதிதாக ஒரு வில்லை சீவிவிட்டு இந்த வருஷக் கணக்கில் காட்டுவது மாதிரி. எந்த சைட்டிலும் இது கொஞ்சம் உண்டு, பிடித்தால் நானே கத்துவேன். அங்கே கணக்கு எழுதுகிறவன் மனசு வைத்துக் கூட்டி எழுதினால்தான் ஒரு பிரிகேடு, அதாவது ஒரு வேலைக் குழு, பிழைக்கும். கைதிகளை வைத்து வெட்டிய வெள்ளைக்கடல் கால்வாயைப் பற்றி ஒரு பழமொழியே இருக்கிறது: துஃப்தாவும் வெடிமருந்தும் இல்லாவிட்டால் கால்வாய் ஏது. 227 கிலோமீட்டர், 1931 முதல் 1933 வரை, 20 மாசத்தில், பெரும்பாலும் கடப்பாரையும் தள்ளுவண்டியும் வைத்து. ஆழம் நாலு மீட்டர்கூட வரவில்லை, பெரிய கப்பல் போக முடியாது.

ஜனவரி 28, ஞாயிறு

வாடகை கொடுக்க மாடிக்குப் போனவனை வீட்டுக்காரம்மா டீக்கு உட்கார வைத்துவிட்டார். எழுபதைத் தாண்டியவர். அவருடைய அம்மா வோல்கா ஜெர்மன், 1941 இலையுதிர்காலத்தில் ரயிலில் ஏற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்து ஒரு கொல்ஹோஸில், அதாவது கூட்டுப்பண்ணையில், இறக்கிவிட்டார்கள். முகாமைப் பற்றி நான் கேட்டதற்கு அவர், முகாமில் இருந்தவனுக்காவது விடுதலைத் தேதி என்று ஒன்று இருந்தது என்றார். என் அரைகுறை ரஷ்யனில் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

கொல்ஹோஸில் சம்பளம் கிடையாது. ‘த்ருதோதென்’ என்று ஓர் அலகு. வேலைநாள் என்று அர்த்தம், ஆனால் ஒரு நாள் உழைத்தால் ஒன்று என்று கிடையாது: காவல்காரனுக்கு அரை, டிராக்டர் ஓட்டுகிறவனுக்கு ஒன்றுக்கு மேல். ஒவ்வொரு நாளும் பேருக்கு நேரே ஒரு கோடு போடுவார்கள், ஜனங்கள் அதற்கு வைத்த பேர் குச்சி. குச்சிக்கு வேலை செய்தோம் என்பார்களாம். அறுவடை முடிந்து, அரசாங்கத்துக்குச் சேர வேண்டியதைக் கொடுத்து, டிராக்டர் கொடுத்த அரசு நிலையத்துக்கு அளந்து, விதைக்கு எடுத்துவைத்து, அதற்கப்புறம் மிஞ்சுவதைக் குச்சிகளால் வகுத்துத் தருவார்கள். எதுவும் மிஞ்சாத வருஷமும் உண்டு. வீட்டுக் கொல்லைதான் சோறு போட்டது, அதற்கும் பால், முட்டை, இறைச்சி என்று வரி.

அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கினால்? 1932 ஆகஸ்ட் 7 சட்டப்படி பண்ணைச் சொத்தைத் திருடினால் சுடலாம், கருணை காட்டினால் 10 வருஷம். சரி, ஊரை விட்டே போய்விடலாம் என்றால், அதே வருஷக் கடைசியில் உள்நாட்டு பாஸ்போர்ட் வந்தது, பெரும்பாலான கொல்ஹோஸ்காரர்களுக்கு மட்டும் கிடையாது. எல்லோருக்கும் கொடுப்பது என்று 1974இல்தான் முடிவானது. கம்யூனிஸ்ட் கட்சியின் பெயர்ச்சுருக்கத்தை ‘இரண்டாம் பண்ணையடிமை முறை’ என்று விரித்துச் சொல்லி ஜனங்கள் சிரித்திருக்கிறார்கள், மெதுவாகத்தான்.

சின்ன வயதில் சோவியத் நாடு பத்திரிகையின் வழவழத் தாளில்தான் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடுவோம். என் கணக்கு நோட்டின் மேல் கோதுமை வயலில் சிரிக்கும் ஒரு பெண் வருஷம் பூராவும் இருந்தாள்.

பிப்ரவரி 17, சனி

டோலின்கா, கார்லாக் என்ற கரகந்தா முகாமின் தலைமையிடமாக இருந்த கிராமம். கரகந்தா வரை நல்ல ரோடு, அதற்கப்புறம் பனி. டிரைவர் கஸாக் பையன், பேசிக்கொண்டே வந்தான். 1930 முதல் 1933 வரையான பஞ்சத்தில் கஸாக்ஸ்தானில் சுமார் 15 லட்சம் பேர் செத்தார்கள், பெரும்பாலும் கஸாக்குகள். மேய்ச்சல்காரர்களை ஓரிடத்தில் உட்கார் என்றார்கள், கூடவே தானியமும் ஆடுமாடும் இவ்வளவு கொடு என்றார்கள், கால்நடையில் பத்துக்கு ஒன்பது போயிற்று. பாட்டனாரின் அண்ணன் தம்பிகள் எத்தனை பேர் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது என்றான்.

கார்லாகின் தலைமை அலுவலகம் தூண் வைத்த இரண்டு மாடிக் கட்டடம், இப்போது மியூசியம். எனக்கு உறைத்த விஷயம், இந்த முகாமே ஒரு பண்ணையாகத் தொடங்கியது, ‘ஜிகாண்ட்’ என்ற அரசுப் பண்ணை. வளர்ந்துவரும் கரகந்தா நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். அதற்காக அங்கே குடியிருந்தவர்களைக் கிளப்பிவிட்டு, கைதிகளைக் கொண்டுவந்து உழவும் ஆடு மேய்க்கவும் விட்டார்கள். கொல்ஹோஸுக்கும் இதற்கும் நடுவே கம்பி ஒன்றுதான் என்று தோன்றியது, புல்வெளியில் அதுவும் பல இடங்களில் தேவைப்பட்டிருக்காது, ஓடினால் எங்கே போவது?

ஊருக்கு வெளியே ‘மாமோச்கினோ’ கல்லறை, முகாமில் பிறந்து செத்த குழந்தைகளுக்கு. முழங்கால் வரை பனி. சின்னச் சிலுவைகளின் தலை மட்டும் தெரிந்தது. ஃபோட்டோ எடுக்கவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

வீட்டுக்காரம்மா தானாகவே ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே அம்மாவின் வேலைப் புத்தகம், 1947. பழுப்புத் தாள், ஊதாப் பென்சில், மாசத்துக்கு ஒரு வரி: 18.5, 22, 11, ஜூலையில் 31, ஆகஸ்டில் 34. கடைசியில் மொத்தம், ஒரு கையெழுத்து.

பழக்கதோஷம், ஃபோனில் கால்குலேட்டரைத் திறந்து கூட்டினேன். மறுபடி கூட்டினேன். புத்தகத்தில் ஆறு குறைந்திருந்தது.

தயங்கித்தான் சொன்னேன். அவர் டீயை ஊற்றிக்கொண்டே, “ஆறு தானே? அம்மாவுக்குத் தெரியும்” என்றார்.