ஜெர்மனியில் முதல் மாதம்: தபால் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

குடும்பத்தோடு ஜெர்மனி வந்து வீட்டுச் சாவி கைக்கு வந்ததும், பால் காய்ச்சுவதற்கு முன்பே கீழே போய்த் தபால் பெட்டியில் பெயர் ஒட்டிவிடுங்கள். இங்கே முகவரியில் பெரும்பாலும் கதவு எண் இருக்காது. தெரு, கட்டட எண், அஞ்சல் குறியீடு, ஊர், அவ்வளவுதான். ஒரே கட்டடத்தில் பன்னிரண்டு வீடு இருந்தாலும் தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். உறையில் உள்ள பெயர் பெட்டியில் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். வரி எண், பேங்க் கார்டு, அதன் ரகசிய எண் (PIN), காப்பீட்டு அட்டை எல்லாம் காகிதமாகத் தபாலில் வருகிற நாடு இது.

நம் குடும்பங்களுக்கு இதில் தனிச் சிக்கல். கணவரின் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர், மனைவியுடையதில் அவருடைய அப்பா பெயர், பிள்ளைக்குக் கணவரின் பெயர். ஒரு வீட்டில் மூன்று கடைசிப் பெயர்கள்! மூன்றையும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளிலேயே ஒட்டுங்கள். தற்காலிகத்துக்குக் காகிதமும் டேப்பும் போதும். அழைப்பு மணியிலும் அதே பெயர்கள் வேண்டும், இல்லையென்றால் பார்சல்காரர் எந்த மணியை அடிப்பார்?

அடுத்தது ஆன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடிபுகுந்த 2 வாரத்துக்குள் பியூர்கராம்ட் எனும் ஊர் மக்கள் சேவை அலுவலகத்தில் செய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட வோனுங்ஸ்கேபர்பெஷ்டெட்டிகுங் என்ற, நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்யும் ஒரு பக்கப் படிவம் கட்டாயம். பலர் கோட்டை விடும் இடம் இதுதான்: படிவத்தில் ஒப்பந்தம் போட்டவர் பெயர் மட்டும் இருக்கும், மனைவி மக்கள் பெயர் இருக்காது. குடிவரும் எல்லோர் பெயரும், குடிபுகுந்த தேதியும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சில நாள் வாடகைக்கு எடுக்கும் வீடுகளில் இந்தப் படிவத்தைத் தர மறுப்பவர்கள் உண்டு. முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. எல்லோருடைய பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் மூலப்பிரதிகளைக் கையோடு கொண்டு போங்கள்.

பதிவு முடிந்ததும் தரும் தாளை அங்கேயே உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருப்பவர்களுக்கு முதல் பெயரும் கடைசிப் பெயரும் இடம் மாறிவிடக்கூடும். அந்தப் பிழை அப்படியே வரி எண்ணுக்கும் போகும். மேசையிலேயே சொன்னால் இரண்டு நிமிடத்தில் திருத்துவார்கள். பிறகென்றால் ஒவ்வொரு அலுவலகமாக அலைய வேண்டும்.

11 இலக்க வரி எண் சில வாரங்களில் ஆளுக்கொரு கடிதமாக வரும், கைக்குழந்தைக்குக்கூட. திரும்பிப் போய்விட்டால் மறுபடி கேட்டு வாங்கலாம், ஆனால் அதுவும் தபாலில்தான் வரும். போனில் சொல்ல மாட்டார்கள். எண் இல்லாமல் சம்பளம் போட்டால் அதிக வரி பிடிக்கும் 6ஆம் வரி வகுப்பில் பிடித்துவிட வாய்ப்புண்டு. கூடுதலாகப் பிடித்தது பின்னால் திரும்பி வரும், ஆனால் முன்பணமும் கட்டில் மெத்தையும் கழுத்தை நெரிக்கும் முதல் மாதத்தில் அது பெரிய அடி. முன்பணத்தைப் பொறுத்தவரை ஒரு வழி இருக்கிறது: சட்டப்படி 3 மாத அடிப்படை வாடகைக்கு (ஹீட்டிங் போன்ற செலவுகள் சேராதது) மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டலாம்.

பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகையான கின்டர்கெல்ட் 2026 ஜனவரி முதல் தலைக்கு மாதம் 259 யூரோ. புளூ கார்டு (படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான குடியிருப்பு அனுமதி) வைத்திருப்பவர்களுக்கும் உரிமை உண்டு. விண்ணப்பித்தால்தான் வரும், பின்தேதியிட்டு 6 மாதத்துக்குத்தான் தருவார்கள். தள்ளிப்போடாதீர்கள். குழந்தைகள் காப்பகத்துக்கும் பள்ளிக்கும் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று கட்டாயம், 2 வயதுக்கு மேல் இரண்டு தவணை. ஊரிலிருந்து தடுப்பூசி அட்டையைக் கொண்டுவர மறந்தவர்கள் படும் பாடு சொல்லி மாளாது.

முகவரி பதிவானதும் தேடி வரும் கடிதம், பொது டிவி, வானொலிக்கான ஒலிபரப்புக் கட்டணம், மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை என்றாலும் கட்டியாக வேண்டும். மோசடி என்று நினைத்துக் கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. கட்டணம் ஆளுக்கல்ல, வீட்டுக்கு. கணவன் மனைவி இருவருக்கும் கடிதம் வந்தால் ஒருவர் கட்டி, அந்தக் கணக்கு எண்ணை மற்றவர் பதிலில் குறிப்பிட்டால் போதும்.

வீட்டில் சமையலறை மேடையும் விளக்குகளும் இல்லாமல், கூரையில் வயர் மட்டும் தொங்கினால் திகைக்காதீர்கள், இங்கே அது சகஜம். மின் மீட்டரின் எண்ணையும் அளவையும் சாவி வாங்கும் அன்றே படம் எடுங்கள். நீங்கள் எந்த நிறுவனத்தையும் தேர்ந்தெடுக்காவிட்டாலும் மின்சாரம் வரும், பெரும்பாலும் விலை கூடிய அடிப்படை ஒப்பந்தத்தில். அதை 2 வார அறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம். இந்திய ஓட்டுநர் உரிமம் 6 மாதம்தான் செல்லும். விசா காலாவதியாகும் முன் குடியிருப்பு அனுமதி வாங்க வேண்டும். அதைத் தரும் வெளிநாட்டினர் அலுவலகமான அவுஸ்லெண்டர்பெஹோர்டேயில் நேரம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம், எனவே முகவரிப் பதிவு முடிந்த அன்றே விண்ணப்பியுங்கள்.

கடைசியாக, மஞ்சள் உறை. அரசு அலுவலகங்களும் நீதிமன்றமும் அனுப்பும் இந்தக் கடிதத்தின் மேல் தபால்காரர் தேதி எழுதிப் போடுவார். நீங்கள் பிரித்தீர்களா இல்லையா என்பது கணக்கில்லை, பதிலளிக்கும் கெடு அந்தத் தேதியிலிருந்தே ஓடும். உறையையும் பத்திரப்படுத்துங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நம்பகமான அண்டை வீட்டாரிடம் பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.