"அது இருக்கட்டும்மா"

என் வக்கீல் ஆபீஸுக்கு இரண்டாம் முறை வந்தபோது அந்த அம்மா சொன்னார்: "முன்னாடியே உங்ககிட்ட கேட்டிருக்கணும் சார்." அவர் கேட்டுத்தான் இருந்தார். அதை நான் சொல்லவில்லை.

முதல் முறை வந்தது செக் கேஸுக்கு. செக் திரும்பிவிட்டதாக வங்கியிலிருந்து ரிட்டர்ன் மெமோ வந்து 26 நாள் ஆகியிருந்தது. 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் போயாக வேண்டும். ஜூனியரை உட்காரவைத்து அப்போதே சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். நடுவில் அவர் பையிலிருந்து பாலித்தீன் கவரில் மடித்து வைத்திருந்த பத்திரத்தை எடுத்தார். "ஒரு வீட்டு அக்ரிமென்ட்டும் இருக்கு சார், கிரயம் பண்ணிக் கொடுக்க மாட்டேங்கிறாங்க." நிமிராமலே, "அது இருக்கட்டும்மா, முதல்ல இதை முடிப்போம்" என்றேன். கவர் பைக்குள் திரும்பப் போனது.

நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் எதிராளி பணம் கட்டிவிட்டார். அப்புறம் அவர் வரவேண்டிய வேலையே இல்லை.

எட்டு மாதம் கழித்து அதே கவரோடு வந்தார். 6 மாதத்துக்குள் கிரயம் என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்தக் கெடு முடிந்து 3 வருடமும் 40 நாளும் ஓடியிருந்தன. ஏற்றதை ஆற்றக் கோரி, அதாவது ஒப்புக்கொண்டபடி கிரயம் பண்ணிக் கொடுக்கச் சொல்லி, வழக்குப் போட 3 வருடம்தான். எந்த வழக்கை எத்தனை நாளுக்குள் போட வேண்டும் என்று சொல்லும் காலவரையறைச் சட்டத்தில், தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் 5-வது பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுவுக்கும் உதவும், அசல் வழக்குக்கு உதவாது. 1963-ஆம் வருடத்து அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள 137 இனங்களில் பாதியைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவன் நான். இந்த 3 வருடக் கெடுவைச் சொல்லும் 54-வது இனத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் சீனியர், கட்சிக்காரர் பேச ஆரம்பிக்கும் முன்பே கேஸ் கட்டின் மேலட்டையில் தேதிகளை எழுத வைத்தவர்.

அவர் வந்தது செக்குக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஃபீஸும் அதற்குத்தான். வீட்டு வழக்கு என்றால், மீதித் தொகையோடு தயாராக இருந்ததாக அவர் நிரூபிக்க வேண்டும். அவ்வளவு பணம் கையில் இருந்திருக்குமா? வழக்குப் போட்டிருந்தாலும் தோற்றிருக்கலாம். இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம், நான் இல்லை. சிவில், கிரிமினல், குடும்பம் என்று எதுவானாலும் பார்ப்பேன் என்பதால்தானே ஜனங்கள் என்னிடம் வருகிறார்கள்? இரண்டு காகிதத்தோடு வருபவருக்கு எது அவசரம் என்று தெரியாது. அது தெரிய வேண்டியது எனக்கு. அன்றைக்கு நான்கு நாள் கெடுவைப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு மேல் மிச்சமிருந்த இன்னொரு கெடு கவருக்குள்ளேயே இருந்துவிட்டது. பிரித்திருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

"அன்னைக்கே சொன்னீங்கம்மா, நான்தான் பார்க்கல" என்று வாய்வரை வந்தது. அதற்குப் பதிலாக, வேறொரு வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்றேன். அவர் பத்திரத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். செக் பணம் வாங்கிக் கொடுத்ததற்கு இன்னொரு முறை நன்றி சொல்லிவிட்டுப் போனார்.