திங்கட்கிழமைகளில் டிக்கெட் கிடையாது

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற கலைக் கண்காட்சியான கொச்சி முசிரிஸ் பினாலேயில், அதன் மூன்றாவது முறை, மீடியேட்டராக வேலை பார்த்தேன். 2016 டிசம்பர் 12 முதல் 2017 மார்ச் 29 வரை, 108 நாட்கள். படைப்புக்கும் அதைப் பார்க்க வருகிறவருக்கும் நடுவில் நிற்கிற வேலை. கேட்டால் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் தள்ளி நிற்க வேண்டும். முதல் பாதி எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. இரண்டாவதைக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது.

ஃபோர்ட் கொச்சியில் தண்ணீரைப் பார்த்து நிற்கிற ஆஸ்பின்வால் ஹவுஸ்தான் அப்போது முக்கிய இடம். 1867-இல் தொடங்கிய வணிக நிறுவனத்தின் வளாகம். மிளகும் இஞ்சியும் தேங்காய் எண்ணெயும் கிடந்த அந்தக் கிட்டங்கிகளில்தான் அந்த முறை கலை. அந்த முறை பினாலேயை வடிவமைத்த சுதர்சன் ஷெட்டி, ஓவியர்கள் சிற்பிகளோடு கவிஞர்களையும் நாடகக்காரர்களையும் அழைத்திருந்தார். மொத்தம் 97 கலைஞர்கள். சாயங்காலங்களில் பேச்சு, படம், பாட்டு என்று ஏதாவது இருக்கும். புதன்கிழமைகளில் எறணாகுளம் அரசு பொது மருத்துவமனையில் நோயாளிகளுக்காகப் பாட்டுக் கச்சேரி நடக்கும்.

எனக்குப் பிடித்தது திங்கட்கிழமை. அன்றைக்கு டிக்கெட் கிடையாது. மற்ற நாட்களில் அப்போது 100 ரூபாய். 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் ஒரு நூறு ரூபாய்த் தாள் இருப்பதே பெரிய விஷயமாக இருந்த நேரம். திங்கட்கிழமை வந்தவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துக்காரர்கள். மீன் வியாபாரிகள், ஆட்டோ ஓட்டுநர்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பெண்கள். பேச்சரங்கத்தில் கேட்காத கேள்விகளை இவர்கள் கேட்டார்கள்.

என்னுடைய இடம் சிலே நாட்டுக் கவிஞர் ரவுல் சூரீத்தாவின் கூடம். நீளமான கிட்டங்கி முழுக்கக் கடல் நீர். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அதற்குள் நடந்துதான் மறுமுனைக்குப் போக வேண்டும். இரண்டு பக்கச் சுவரிலும் கவிதை வரிகள், எல்லாம் யாரையோ கூப்பிட்டுக் கேட்கிற கேள்விகள். கடைசிச் சுவரில்தான் அது யாருக்கு என்று தெரியும். 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் குப்புறக் கிடந்த சிரியாச் சிறுவன் ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அதே படகு கவிழ்ந்துதான் அவனுடைய அண்ணன் காலிப்பும் செத்துப்போனான். ஐந்து வயது. அந்தப் பையனை அப்படி யாரும் படம் எடுக்கவில்லை. இந்தக் கூடம் அவனுக்காக.

ஆரம்பத்தில் நான் இதையெல்லாம் வாசலிலேயே சொல்லிவிடுவேன். ஒரு நாள், மகனைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த ஒருவரிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உள்ளே இறங்காமலேயே திரும்பிப் போய்விட்டார். அந்தச் சுவர் வரைக்கும் தன் காலாலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவர். அந்த நடையை நான்தான் அவரிடமிருந்து எடுத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு வாசலில் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "செருப்பைக் கையில் எடுத்துக்கோங்க."

தினமும் அந்தத் தண்ணீரில் இறங்கி ஏறியதால் என் காட்டன் பேண்ட்டுகளின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. துவைக்கக் கொடுக்கலாம் என்று, ஃபோர்ட் கொச்சியில் வேலி என்கிற பகுதியில் இருக்கிற தோபி கானா என்ற சலவைக்கூடத்துக்குப் போனபோதுதான் அங்கே தமிழ் கேட்டது. டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க அழைத்துவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அவர்கள். மலையாளம் கலந்த தமிழ். தொட்டியருகே நின்ற ஒரு அக்கா என்னைப் பார்த்து, "பினாலேயிலயா ஜோலி? அங்க வர்ற ஆளுங்க படுக்குற விரிப்பெல்லாம் எங்க கையாலதான் போகுது. உள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளும் பாத்ததில்ல மோளே" என்றார். ஹோம்ஸ்டேகளின் சீசன் அது. அவர் பின்னால் கொடியில் வரிசையாக வெள்ளை விரிப்புகள்.

"திங்கட்கிழமை வாங்க அக்கா, காசு வேண்டாம்" என்றேன்.

வந்தார். இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தண்ணீரில் எல்லாரும் தயங்கித் தயங்கித்தான் இறங்குவார்கள். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு சலசலப்பும் இல்லாமல் இறங்கினார். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிற கால். நடுவில் நின்று, "எனக்கு இங்கிலீஷ் தெரியாது, வாசிச்சுச் சொல்லு" என்றார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே கூட நடந்தேன். கடைசிச் சுவரில், அவனுக்கு நான் அப்பா இல்லை, ஆனாலும் காலிப் என் மகன் என்று கவிஞர் எழுதியிருந்ததைச் சொன்னதும் அக்கா ஒன்றும் பேசவில்லை. குனிந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

அப்புறம் சுவரோவியம் பார்க்கப் போனோம். பி.கே. சதானந்தன் தன் உதவியாளர்களோடு அங்கேயே இருந்து வரைந்துகொண்டிருந்தார். 15 மீட்டர் நீளச் சுவர். வருகிறவர்கள் கண் முன்னாலேயே நாளுக்கு நாள் வளர்கிற ஓவியம். 'பறயி பெற்ற பந்திரு குலம்' என்கிற கேரளக் கதை. வரருசி என்ற பிராமணருக்கும் பறையர் குலத்துப் பெண்ணுக்கும் பிறந்த பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு குலங்களில் வளர்கிறார்கள். ஒருவர் வேள்வி செய்கிற பிராமணரான அக்னிஹோத்ரி, ஒருவர் பறையரான பாக்கனார், ஒருவர் தச்சரான பெருந்தச்சன். வள்ளோன் என்பவரை நம் திருவள்ளுவர் என்றே சொல்பவர்கள் உண்டு. இன்னொருவர் ரஜகன்.

"ரஜகன்னா?"

"துணி வெளுக்கிறவர் அக்கா."

"அப்ப அந்த அக்னிஹோத்ரிக்கு இவன் கூடப் பொறந்தவனா?" என்று கேட்டுவிட்டு, கூட வந்தவர்களிடம் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சுவருக்கு அருகில் போய், தொடாமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிறங்களைப் பார்த்தார். கேரளச் சுவரோவிய முறையில் மஞ்சளும் சிவப்பும் கல்லிலிருந்து, பச்சை அவுரி இலையிலிருந்து, கறுப்பு விளக்குப் புகையிலிருந்து என்று சொன்னேன்.

"சாயம் போகுமா?"

எத்தனையோ கலை மாணவர்களை அந்தச் சுவருக்கு அழைத்துப்போயிருக்கிறேன். கதை கேட்டார்கள், பாணி கேட்டார்கள். இதை யாரும் கேட்டதில்லை. எனக்கும் பதில் தெரியாது. வரைந்துகொண்டிருந்த ஒரு பையன் திரும்பி, நிறத்தில் வேப்பம் பிசின் சேர்க்கிறோம், அதுதான் பிடித்து நிறுத்தும் என்று மலையாளத்தில் சொன்னான். பிசினை எவ்வளவு நேரம் ஊறவைப்பீர்கள் என்று அக்கா கேட்டார். அவன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டான். இரண்டு பேரும் பத்து நிமிடம் பேசினார்கள். பிசின், கஞ்சி, நீலம், எந்த வெயிலில் எந்த நிறம் வெளிறும். நான் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த சீசனில் நான் கலந்துகொண்ட சிறந்த உரையாடல் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். எந்த அட்டவணையிலும் அது இல்லை.

பினாலே முடிந்த பிறகு, ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் தோபி கானாவுக்குப் போனேன். அக்கா என் பேண்ட்டின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அந்தப் புள்ளையோட தண்ணிதானே? உப்புக் கறை. ரெண்டு தண்ணியில போயிரும்."

அலசிப் பிழிந்து எடுத்துப்போனார். அங்கே கொடியில் கிளிப் போடுவதில்லை. முறுக்கிக் கட்டிய இரட்டைக் கயிற்றின் பிரியை விரலால் விலக்கி, துணியின் முனையை அதற்குள் செருகிவிட்டு விட்டுவிடுவார்கள். கயிறே பிடித்துக்கொள்ளும். காற்று பலமாக அடித்தது. ஹோம்ஸ்டே விரிப்புகளுக்கு நடுவில் என் பேண்ட் ஆடிக்கொண்டிருந்தது. காய்கிற வரைக்கும் உட்கார் என்று அக்கா ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.